எதிர்வீட்டு டிவி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதத்தில், கோலார் தங்க வயல் ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எதற்குமே பல நாள் யோசிக்கிற ஆள்தான் நான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். காஸை மூடினோமா என்ற பயத்தில் பாதிப் பிரசங்கத்தில் சர்ச்சிலிருந்து எழுந்து வந்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனதால், பேனாவும் பேப்பருமாக யார் எதிரில் வந்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

எங்கள் வீடு இரண்டு அறை, மேலே தகர சீட். கணவருக்குப் பெங்களூரில் செக்யூரிட்டி வேலை. விடிவதற்குள் ரயிலுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டு லோன் எடுத்தபோது பாங்க்கில் இன்ஷூரன்ஸையும் சேர்த்தே போட்டுவிட்டார்கள். அப்போது அதைப் பெரிய ஏமாற்று வேலை என்று திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் அடித்த காற்றில் முன் அறையின் தகர சீட்கள் பிய்த்துக்கொண்டு போயின. கூடவே மழை. டிவி, மெத்தை, தையல் மெஷின், தைக்க வந்திருந்த கல்யாணத் துணி எல்லாவற்றின் மேலும் கொட்டியது. நான் நைட்டியோடு நடுவீட்டில் நின்று ஓவென்று அழுதேன். அந்த மழையில் தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர் எதிர்வீட்டு அக்கா ஒருத்தர்தான். வந்தவர் போனை எடுத்து வீடியோவும் பிடித்தார், ரயிலில் வந்துகொண்டிருக்கும் என் கணவருக்கு அனுப்பலாம் என்று. "எடுக்காதீங்கக்கா, என் மானமே போவுது" என்று முகத்தை மூடிக்கொண்டு கத்தினேன். அனுப்பாமல் விட்டுவிட்டார். மறுநாள் "அதை அழிச்சிடுங்க" என்றும் சொன்னேன். "சரி சரி" என்றார்.

கணவர் இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்தார். ஆள் வந்து பார்ப்பார், அதுவரை எதையும் தொடக்கூடாது என்று சொன்னார்களாம். ஆள் வரப்போகும் அன்று கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது, "மதியத்துக்கு மேல வருவாரு. எல்லாம் அப்டியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியே கிடக்க விட என்னால் முடியவில்லை. நான் பிறந்து வளர்ந்தது நந்திதுர்க் சுரங்கம் பக்கம், தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிய லைன் வீட்டில். அப்பா ஷாஃப்டில் வேலை செய்தார். சுரங்கத்திலிருந்து ஆபீசர் வீடு பார்க்க வருகிறார் என்றால் லைன் முழுக்க அல்லோலகல்லோலமாகிவிடும். அம்மா அடுப்புக்கரியைக்கூடத் துடைப்பாள். கிழிந்த பாயை அடுத்த வீட்டுக்குக் கடத்துவாள், அந்த வீட்டிலிருந்து நல்ல சேர் இங்கே வரும். வருகிறவர் முகம் சுளித்துவிட்டால் வீடே போய்விடும் என்று எங்களுக்குப் பயம். அந்தப் பயம் எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது. இந்த ஓட்டைக்கும் ஈர நாற்றத்துக்கும் நடுவில் ஓர் ஆபீசரை எப்படி நிற்க வைப்பது? இப்படி இருக்கிறவர்களிடம் டிவி ஏது, மெத்தை ஏது, பொய் சொல்கிறார்கள் என்றுதானே நினைப்பார்?

அக்காவிடம் ஓடினேன்.

"ஓட்ட வீட்டைப் பாக்கத்தானடி அந்த ஆளு வர்றாரு. நீ இன்னா, மூடி மறைக்கணும்ன்ற?" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்கக்கா. வந்த மனுஷன் உக்கார ஒரு எடம் வேணாமா?"

"உக்கார சேர் தரேன். டிவி இன்னாத்துக்கு? அவரு இன்னா சீரியல் பாக்கவா வர்றாரு?"

சிரித்தாரே தவிர, நான் கெஞ்சியதும் கூடவே வந்து தூக்கினார். நனைந்த மெத்தையும் செத்துப்போன எங்கள் டிவியும் அவர் வீட்டுப் பின்கட்டுக்குப் போயின. அவருடைய டிவியும் இரண்டு குஷன் சேரும் பூப்போட்ட பெட்ஷீட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தன. கூரை போன இடத்தில் போட்டிருந்த தார்ப்பாய் தெரியாமல் இருக்க இரண்டு புடவைகளைச் சேர்த்து மேலே சீலிங் மாதிரி கட்டினேன். மோட்டார் போன தையல் மெஷின் மேல் லேஸ் துணி விரித்து, பூ ஜாடி வைத்தேன். "பொண்ணு பாக்க வர்றாங்களாடி?" என்று கேட்டுவிட்டு அக்கா தன் வீட்டுக்குப் போனார்.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். சின்ன வயசு, வெயிலில் வண்டி ஓட்டி வந்த களைப்பு. கன்னடத்தில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். நாற்காலியில் உட்காராமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, வீட்டுக்குள்ள எல்லாம் நல்லாத்தானே இருக்கு? டிவி போச்சுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே, இந்த டிவியா?"

ரிமோட்டை எடுத்து அழுத்தினார். பளிச்சென்று படம் வந்தது.  இது எதிர்வீட்டு டிவி, இரவல் வாங்கி வைத்தேன் என்று சொல்ல எத்தனை நேரமாகும்? சொல்லவில்லை. அவர் ஏதோ எழுத ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா டீ எடுத்துக்கொண்டு வந்தார். டிவி ஓடுவதையும் சர்வேயர் எழுதுவதையும் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு.

"சார், அது என் டிவி சார். இவங்களோடது நனைஞ்சுபோயி என் வூட்ல கீது. மெத்தையும் அங்கதான் கீது, வந்து பாருங்க."

சர்வேயர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் உடம்பெல்லாம் எரிந்தது. இரவல் டிவி வைத்துப் பவிசு காட்டியவள் என்று தெரிந்துவிடப்போகிறதே என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் இல்லை.

"இல்ல சார். இது எங்களுதுதான். அவங்க ஏதோ தெரியாம சொல்றாங்க" என்றேன்.

டீ கிளாஸோடு அக்கா அப்படியே நின்றார்.

சர்வேயர் பேனாவை மூடினார். "இன்னாம்மா இது? உங்க வீட்டுப் பழைய டிவியை இவங்க க்ளெய்ம்ல சேக்கப் பாக்கறீங்களா? நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். இப்படி எல்லாம் பண்ணா சந்தேகம்னு எழுதிடுவேன், கூரைக்கும் ஒண்ணும் வராது" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.  அவர் கிளாஸை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து போனார். செருப்பு போடக்கூட மறந்துவிட்டார். அந்தச் செருப்பு எங்கள் வாசலிலேயே கிடந்தது.

சர்வேயர் வெளியிலிருந்து கூரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி சத்தம் அடங்கும்வரை நின்றேன்.

பிறகு டிவியைத் தூக்கிக்கொண்டு, கையிடுக்கில் அந்தச் செருப்பையும் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "ஆபீசர் இன்னாம்மா சொன்னாரு?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், அக்கா உள்ளேயிருந்து, "எல்லாம் நல்லபடியா எழுதிக்கினு போனாரு" என்றார். குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் முன்னால் அவரைத் திருடி மாதிரி நிற்க வைத்தவள் நான். தன் வீட்டுக்காரர் முன்னால் என் மானத்தை அவர் காப்பாற்றுகிறார். டிவியை வைத்துவிட்டு எப்படித் திரும்பி வந்தேன் என்று இப்போதும் நினைவில்லை.

கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கை கழுவினார்.

"கூரை போனா போவுது. அவங்களைப் பத்தி இன்னான்னு எழுதியிருப்பான் அந்த ஆளு? காலையில நீயே போன் பண்ணு. நான் பேசமாட்டேன்."

காலையில் சர்வேயருக்குப் போன் செய்தேன். இரண்டு தடவை ரிங் போனதும் பயத்தில் நானே கட் செய்தேன். அவரே திருப்பிக் கூப்பிட்டுவிட்டார். "சார், நான் பொய் சொன்னேன் சார்" என்பதைத் தவிர முன்னும் பின்னும் எதுவும் சொல்ல வரவில்லை.  அந்த வாரமே இந்தப் பக்கம் வேலை இருக்கிறது, வந்து பார்க்கிறேன் என்றார்.

வந்தவரை நேராக அக்கா வீட்டுக்கே அழைத்துப்போனேன். அக்காவின் கணவரும் இருந்தார். அவர் முன்னால் சொல்ல வேண்டியிருந்ததுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. "அன்னிக்கு இவங்க சொன்னதுதான் சார் உண்மை. நான்தான் வெக்கப்பட்டுக்கினு பொய் சொன்னேன்" என்றேன். அக்காவின் கணவர் மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

சர்வேயர் டிவியையும் மெத்தையையும் புரட்டிப் பார்த்தார். "இதெல்லாம் உங்க வீட்லதான் நனைஞ்சதுன்னு நான் எப்டிம்மா நம்பறது? எடம் மாத்திட்டீங்களே" என்றார். நியாயமான கேள்வி. 

அக்கா போனை எடுத்து நீட்டினார். நான் அழிக்கச் சொன்ன வீடியோ. அவர் அழிக்கவே இல்லை.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். கூரை இல்லாத எங்கள் வீடு. டிவி மேல் கொட்டுகிற தண்ணீர். மெஷின், மெத்தை எல்லாம் அது அது இருந்த இடத்தில். நடுவில் தலைவிரிகோலமாக நான். என் அழுகைச் சத்தம் அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. சர்வேயர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த அழுகைக்கும் மழைக்கும் நடுவில் இன்னொரு குரல் கேட்டது. படம் பிடித்துக்கொண்டே அக்கா சொல்லியிருக்கிறார்: "அழாதடி. நான் கீறேன் இல்ல. அழாத."

அந்த மழையில், அந்தக் கலவரத்தில், அவர் அப்படிச் சொன்னதே என் காதில் விழவில்லை. இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

சர்வேயர் வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். கிளம்பும்போது அக்காவிடம், "தப்பா பேசிட்டேன்மா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். என்னிடம் திரும்பி, "போற எடத்துல எல்லாம் ஒடையாததையும் ஒடைஞ்சதுன்னு காட்டுவாங்க. ஒடைஞ்சதை மறைச்சு வெச்சது நீங்க ஒருத்தர்தான்மா" என்று சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழைக்காலத்துக்கு முன்பே கூரைக்குப் பணம் வந்துவிட்டது, மெஷின் மோட்டாருக்கும் வந்தது. டிவிக்கு வரவில்லை. அதைப் போய்க் கேட்க எனக்கு வாயும் இல்லை.

அக்கா இன்றும் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறார், கிண்டல் செய்கிறார். ஆனால் முன்பெல்லாம் நேராக அடுப்படி வரைக்கும் வந்து, மூடியைத் திறந்து என்ன குழம்பு என்று பார்க்கிறவர், இப்போது வாசலில் நின்று, "வரலாமாடி?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார். விளையாட்டாகக் கேட்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

அந்த வீடியோவை அவரிடம் கேட்டு வாங்கி என் போனில் வைத்திருக்கிறேன். காற்று எழும்பி சீட் தடதடக்கும் நாட்களில் அதை எடுத்துப் போடுவேன். என் அழுகையை அல்ல, அதற்குப் பின்னால் வருகிற அந்தக் குரலைக் கேட்பதற்காக. ஒவ்வொரு முறையும் பயம் போய்விடுகிறது, வெட்கம் மட்டும் போவதே இல்லை.