அஸர் நேரத்துக் கெரம்

உம்மா சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி உழூ செய்யப் போய்க் கிணற்றடியில் விழுந்தார். மூளையில் இரத்தக்கசிவு, எதையும் உறுதியாகச் சொல்ல ஏலாது என்றார் டாக்டர். வாப்பா முன்னமே மவுத்தாகிவிட்டார். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். மூத்தவர் ராத்தா, குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றார். ஆஸ்பத்திரியில் உம்மாவோடு இளையவள் நான் நின்றேன்.

கட்டிலருகே மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எனக்கு மூச்சு பாதியில் நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து ராத்தா ஃபோன் எடுப்பார். "உம்மா கண் முழிச்சாவா?" இல்லை என்பேன். அவர் அழுவார், நானும் அழுவேன். மூன்றாம் நாள் பின்னேரம், அஸர் நேரம், வேறு மாதிரிக் கதைத்தார்.

"புள்ள, ஒன்ட ஃபோன்ல கெரம் விளையாட ஏலுமா?"

"என்ன கதைக்கிறீங்க ராத்தா? உம்மா கிடக்கிற கிடையப் பார்த்தா..."

"ஒண்டும் கேக்காம வா. எனக்கு இஞ்ச பைத்தியம் புடிக்கப் போகுது."

அவருக்காகத்தான், ஃபோன் லைனை வெட்டாமலே, தொடங்கினேன். கோணம் பார்ப்பது, விரலால் இழுத்து விடுவது, காய் குழிக்குள் விழுமா என்று பார்த்திருப்பது. அவ்வளவுதான். உம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ராத்தா சொன்னார், "இப்பதான் நீ ஒழுங்கா மூச்சு விடுறாய்." அதன்பிறகே நான் அதைக் கவனித்தேன்.

ராத்தாவின் குவைத் வீட்டுக்காரி பகல் சாப்பாட்டுக்குப் பின் உறங்கும் நேரம் அது. தினமும் விளையாடினோம். அந்த ஒரு மணித்தியாலம் இருந்ததால்தான் மிச்ச நேரம் உம்மாவின் வாயைத் துடைக்கவும், புரட்டிப் படுக்க வைக்கவும் எனக்கு ஏலுமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணை நின்ற பெண் ஒருநாள் என் ஃபோனைப் பார்த்தபடி, "இது ஒங்கட சொந்த உம்மாவா?" என்று கேட்டார். வெட்கமாகிப் போயிற்று. அடுத்த நாளிலிருந்து அவரையே உம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் போய் இருந்து விளையாடினேன்.

பத்தாம் நாளும் அங்கேதான் இருந்தேன். நர்ஸ் ஓடிவந்து கூப்பிட்டார். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஃபோன் கையிலேயே இருந்தது. ராத்தா மறுபக்கத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரை வீட்டுக்காரி வர விடவில்லை. ஜனாஸாவை வீடியோவில் பார்த்தார். அடக்கிய மறுநாள் கேட்டார்:

"நான் கூப்பிட்டதாலதானே நீ வெளிய போனாய்?"

"இல்ல ராத்தா. நீங்க கூப்பிடாட்டி நான் முதல் கிழமையே விழுந்திருப்பன்."

அது உண்மை. உம்மாவின் கடைசி மூச்சுக்கு நான் பக்கத்தில் இல்லை என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை ஆற்ற என்னால் இன்னும் முடியவில்லை. நாங்கள் பிறகு விளையாடவில்லை.

எட்டு மாதம் கழித்து ராத்தா வந்தார். வந்த அன்றே உம்மாவை அடக்கிய மையவாடிக்குப் போனோம். எங்கள் ஊரில் பெண்கள் உள்ளே போவதில்லை. மதிலுக்கு வெளியே நின்றோம்.

"உம்மாட எது?" என்றார்.

நானும் கண்டதில்லை. அடக்கத்துக்கு நின்ற என் கணவர் கையை நீட்டி வேப்பமரத்துப் பக்கம் காட்டினார். அங்கே மணலில், அடக்கிய இடங்களின் தலைமாட்டில், நாலைந்து மீசான் கட்டைகள் ஒரே மாதிரி நின்றன. ராத்தா எல்லோருக்கும் சேர்த்து ஸலாம் சொன்னார்.