தலை தீபாவளிக்கு ஒரு கீசர்

மகளுக்குத் தலை தீபாவளி. விழுப்புரத்திலிருந்து மாப்பிள்ளை வரப்போகிற நேரம் பார்த்து, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பழைய கீசர் கையை விரித்துவிட்டது. எண்ணெய் தேய்த்து நிற்கிற மாப்பிள்ளைக்குச் சுடுதண்ணீர் இல்லையென்றால் சம்பந்தியம்மா சும்மா விடுவாரா?

முதல் கடையிலிருந்து வந்தவரிடம், "மாப்பிள்ளை வர்றாருங்க, ஜல்தியா மாத்தணும்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"மாப்பிள்ளைக்கா? அப்ப பெரிசா, ஒசத்தியா போட்டுடலாம்மா" என்றவர், புதுக் குழாய், புது ஒயர், சுவருக்கு டைல்ஸ் என எல்லாம் சேர்த்து ஒரு விலை சொன்னார். எனக்குத் தலை சுற்றியது. இரண்டாவது கடைக்காரரிடமும் புத்தியில்லாமல் அதையே சொன்னேன். அவர் பாத்ரூம் கதவையும் மாற்றச் சொன்னார்!

மூன்றாவதாக வந்தவர் "யாருக்குங்க சுடுதண்ணி?" என்றதும் எரிச்சலில், "எங்க வீட்டுக்காரருக்குத்தான்" என்றேன்.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவரை அவர் எட்டிப் பார்த்தார். "இவருக்கா? சின்னதே போதும்மா. பழைய குழாயே நல்லாத்தான் இருக்குது" என்று பாதி விலைக்கும் கீழே சொன்னார். அதையே மாட்டினோம். மாப்பிள்ளையும் அதில்தான் ஆனந்தமாகக் குளித்தார்.

இப்போதெல்லாம் எதை மாற்றினாலும் மூன்று இடத்தில் விசாரித்து, எதெதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குகிறேன். யாருக்கு என்று கேட்டால், "எங்க வீட்டுக்காரருக்கு" என்கிறேன்.

அவர்தான் பக்கத்தில் முணுமுணுக்கிறார்: "நானும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதான்டி!"