கசங்காத கடைசிப் பாடம்

பள்ளியில் அவளுக்குச் சோப்பு டீச்சர் என்றுதான் பெயர். கை கழுவாத பிள்ளையைப் பத்தடி தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவாள். தலைமையாசிரியரையே ஒருமுறை குழாயடிக்குத் திருப்பி அனுப்பியவள்.

ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்குமான நலக்கல்விப் பாடங்களைப் புதிதாக வரிசைப்படுத்தும் வேலை அந்த விடுமுறையில் அவள் தலையில் விழுந்தது. சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள். பாடத்துக்கு ஓர் அட்டை எழுதி வீட்டுக் கூடம் முழுக்கப் பரப்பினாள். ஒன்றாம் வகுப்பில் கை கழுவும் முறை. மூன்றில், அழுக்கே தெரியாத கையையும் ஏன் கழுவ வேண்டும். ஐந்தில், குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது. பிள்ளை வளர வளரப் பாடமும் வளர வேண்டும் என்பது அவள் கணக்கு.

தையல் கடையிலிருந்து வந்த கணவர் அட்டைகளை நுனிக்காலில் தாண்டினார்.

"ஏம்மா, சாப்பாடு எந்த வகுப்புல இருக்கு?"

"ரெண்டாம் வகுப்பு, நாலாவது வாரம். பசிச்சா அடுப்படிக்குப் போங்க. இன்னைக்கு உங்க சமையல்."

ஒரே ஓர் அட்டைதான் அவளைப் படுத்தியெடுத்தது: 'வளரும் உடல்'. பழைய புத்தகத்தில் அது ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பாடம். பரீட்சை வந்துவிட்டது என்று சொல்லி எல்லோரும் தாண்டிவிடுவார்கள். போன ஆண்டு ஒரு சிறுமி பள்ளிக் கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, சாகப்போகிறோம் என்று கதறினாள். முதல் மாதவிடாய், அவ்வளவுதான். ஒருவரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. பெரியவர்களின் வெட்கத்தைக் காப்பாற்றப் பத்து வயதுப் பிள்ளை நடுங்க வேண்டுமாம்! அட்டையைத் தூக்கி ஐந்தாம் வகுப்பின் முதல் வாரத்தில் வைத்தாள்.

ஒப்புதல் கூட்டத்தில் கல்வி அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "எடுத்த எடுப்பிலேயே இதுவாம்மா? பசங்களும் இருப்பாங்க. கடைசியிலயே கிடக்கட்டும்."

"நானும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார்," என்றார் தலைமையாசிரியர்.

அவள் பையைக் கவிழ்த்தாள். பிள்ளைகள் திருப்பிக் கொடுத்த பழைய புத்தகங்கள் மேசையில் சரிந்தன.

"கடைசிப் பாடத்தைத் திறந்து பாருங்க சார்."

முன்பக்கங்களில் எண்ணெய்க் கறை, மை, பெருவிரல் தடம், மீசை வரைந்த படங்கள். கடைசிப் பாடமோ பளிச்சென்றிருந்தது. ஓரம் வெட்டப்படாமல் ஒட்டியிருந்த தாள்களை அதிகாரி நகத்தால் கிழித்துப் பிரித்தார். இன்னொரு புத்தகம். அதிலும் அப்படியே.

"யார் வகுப்பு இது?"

"என் வகுப்புதான் சார். தாண்டிப் போனவள் நான்தான்."

அதிகாரி புத்தகத்தை மூடி வைத்தார். "பெத்தவங்க சண்டைக்கு வந்தா?"

"என்கிட்ட அனுப்புங்க. கையைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார்.

பள்ளி திறந்த முதல் வாரம், பையன்களும் பெண்களும் சேர்ந்தே கேட்டார்கள். முதலில் களுக்கென்று சிரிப்பு. அப்புறம் கேள்வி மேல் கேள்வி. முன்வரிசைச் சிறுமி கை தூக்கினாள். "அப்ப இது வியாதி இல்லையா டீச்சர்?"

"இல்லடா கண்ணு. நீ வளர்றே, அவ்வளவுதான்."

"அட, இவ்வளவுதானா!"

மாதக் கடைசியில் அந்தச் சிறுமியின் புத்தகத்தை டீச்சர் புரட்டினாள். 'வளரும் உடல்' பக்கத்தின் ஓரம் மடங்கியிருந்தது. நடுவில் கொழுகொழுவென்று ஒரு பெருவிரல் அழுக்கு. சோப்பு டீச்சர் அதைத் துடைக்கவில்லை.