மீன் பெட்டியில் பதினைந்து முட்டை

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். எட்டாம் வகுப்பில் அந்தப் பெருமை தலைக்கு நன்றாக ஏறியிருந்த சமயத்தில், கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்கிறேன் என்று கிளம்பினேன்.

பசுமலையில் என் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மற்றவர்கள் எரிமலை செய்தார்கள். நான் இன்குபேட்டர் என்று பெயர் கொடுத்துவிட்டேன். அப்பா பரவைச் சந்தையிலிருந்து, மீன் வந்த தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை. அதில் ஒரு குண்டு பல்பு, சூட்டைப் பார்த்து அதை அணைத்துப் போடும் சின்னக் கருவி, ஒரு கிண்ணம் தண்ணீர், பக்கவாட்டில் கண்ணாடிச் சன்னல். பெட்டியைத் திண்ணையில் வைத்தாயிற்று. முட்டைதான் பாக்கி.

அம்மா தன் செவலைக் கோழிக்கு அடைவைக்கப் பதினைந்து முட்டை சேர்த்து வைத்திருந்தாள். அத்தனையும் கேட்டேன். கோழி அப்போதே அடைக்கு உட்கார்ந்து, பக்கத்தில் போனவர்களையெல்லாம் கொத்திக்கொண்டிருந்தது.

"அதுக்கு நான் என்னத்தச் சொல்றது?" என்றாள் அம்மா.

"தண்ணில முக்கி எடும்மா, அடை தெளிஞ்சிரும்."

அம்மா முக்கவில்லை. பழைய கூடையில் ஒரு கூமுட்டையைப் போட்டு, இதை வைத்துக்கொள் என்று கோழியிடம் விட்டுவிட்டாள்.

பக்கத்து வீடு அத்தை வீடு. அப்பாவின் அக்கா. பொம்பளப்பிள்ளைக்குப் படித்தது போதும் என்று அப்பாவிடம் அவ்வப்போது ஓதிக்கொண்டிருந்தவள்.

"கோழி இல்லாமக் குஞ்சா? நாளைக்கு மாடு இல்லாமப் பால் கறப்பேம்ப."

"இது அறிவியல் அத்தை."

"பொரிக்கலேன்னா?"

"பொரிக்கலேன்னா நான் பள்ளிக்கூடத்துக்கே போகல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அத்தை விடவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு, அவர் முன்னாலும் ஒரு தடவை என்னைச் சொல்லவைத்தாள்.

முட்டைகளை ஒரு நாளைக்கு மூன்று முறை புரட்ட வேண்டும். நான் பள்ளியில் இருக்கும்போது மத்தியானம் புரட்டுவது அம்மாவின் பொறுப்பு. குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டுக்கொடுத்தேன். மறுநாள் வந்து பார்த்தால் ஒரு பக்கம் குங்குமம், மறுபக்கம் திருநீறு.

"ஒன் பென்சிலு கண்ணுக்கே தெரியலடீ. இப்பப் பாரு, எம்புட்டுத் தெளிவா இருக்கு."

தெளிவாகத்தான் இருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் குங்குமம் வைத்த பதினைந்து முட்டைகள் கண்ணாடி வழியாகத் தெரிந்தன. பால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எட்டிப் பார்த்தார். அத்தைகூட ஒரு நாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் நிற்பதைக் கண்டதும், கொசு அடித்த மாதிரி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

செவலைக்குக் கூமுட்டை பிடிக்கவில்லை. கூடையை விட்டு, என் பெட்டியின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. விரட்டினால் இறங்கும், திரும்பினால் ஏறும்.

பன்னிரண்டாம் நாள் நல்ல மழை. பள்ளியில் கண்காட்சிக்கான அன்றைய வேலை முடிந்து நான் வீட்டுக்கு வர ஐந்தேகால் ஆகிவிட்டது. தெருவில் நுழையும்போதே, பகலெல்லாம் கரண்டு இல்லை என்றார்கள். பையை எறிந்துவிட்டு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். பல்பு எரிந்துகொண்டிருந்தது. முட்டைகள் கதகதவென்று இருந்தன. அம்மாவும் அத்தையும் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோழியின் நெஞ்செல்லாம் சிவப்பு.

"கோழிக்கும் பொட்டு வச்சாச்சா?" என்று கத்தினேன்.

"வெள்ளிக்கெழமைல்ல," என்றாள் அத்தை.

இவர்களைத் திருத்தவே முடியாது என்று நினைத்துக்கொண்டு நோட்டை எடுத்தேன். 'தெர்மாகோல் வெப்பத்தைச் சிறப்பாகப் பாதுகாக்கிறது' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

நடந்ததை அம்மா என்னிடம் சொன்னது, நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு. அன்று பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. நாளிதழில் போட்டிருந்தார்களாம். படிக்கத் தெரிந்த ஒரே ஆளான நான் அதைப் படிக்கவில்லை. பதினொரு மணிக்கு அம்மா பெட்டிக்குள் கையை விட்டிருக்கிறாள். முட்டை சில்லென்று ஆகியிருக்கிறது. பதறிப்போய் அத்தையைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"ஒங்கத்தை வந்து பாத்துச்சு. 'என்ன வேடிக்கை பாக்குற, தூக்கிக் கோழிக்கு அடில வையி'ன்னு அதுதான் மொத முட்டைய எடுத்துச்சு. பதினஞ்சையும் கோழி அப்பிடியே றெக்கைக்குள்ள இழுத்துக்கிருச்சு. சாரல் அடிக்காம ஒங்கத்தை சாக்கைப் பிடிச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் நின்னுச்சுடீ. 'அந்தக் கழுதை வாரதுக்குள்ள எடுத்துப் பெட்டில வச்சிரு'ன்னு நாலு மணிலருந்து ஒரே நச்சரிப்பு."

அதெல்லாம் தெரியாமல்தான் இருபத்தொன்றாம் நாள் நான் குதித்தேன். பதினைந்தில் பன்னிரண்டு பொரித்தன. செவலை மூடியிலிருந்து இறங்கி, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தன் பாட்டுக்கு நடந்தது. பாவம், அதற்கும் ஒரு வேலை வேண்டுமே என்று விட்டுக்கொடுத்தேன்.

"என்ன அத்தை, பொரிச்சிருச்சா?"

"பொரிச்சிருச்சு தாயி. பள்ளிக்கூடத்துக்குப் போ," என்றாள் அத்தை. தோற்றவர்களுக்கு முகம் இப்படி மலர்ந்திருக்கக் கூடாதே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கண்காட்சிக்கு இருவரும் பட்டுச் சேலையில் வந்து சேர்ந்தார்கள். அம்மா என் பள்ளிக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நான் ஆறு குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு கணீரென்று விளக்கினேன். நடுவராக வந்திருந்த அம்மையார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"கரண்டு போனா என்னம்மா செய்வ?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் மேடம். எங்க வீட்டுல ஒரு நாள் பகல் பூராக் கரண்டு இல்ல. சூடு கொஞ்சங்கூடக் குறையல. நானே தொட்டுப் பாத்தேன். எல்லாம் தெர்மாகோல் பாத்துக்கிரும்."

அவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். கூட்டத்துக்குப் பின்னால் ஏதோ சத்தம். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, அம்மாவின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மானம் போயிற்று. "எங்க வீட்டு ஆளுகதான் மேடம். பள்ளிக்கூடம் வந்து பழக்கமில்ல," என்று நடுவரிடம் மெதுவாகச் சொன்னேன். பிறகு அவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு, "ஆகவே, குஞ்சு பொரிக்கக் கோழி தேவையில்லை," என்று முடித்தேன்.