துண்டு சுற்றி இறக்கிய சிலை

கிரேன் கொக்கியில் தொங்கிய பெல்ட்டைச் சிலையின் கழுத்தருகே கொண்டுபோனேன். எதிரே நின்ற கூட்டம் கொதித்து எழுந்தது. "பாய், கழுத்துல கயிறு பட்டுச்சு, உங்க வண்டி ஊரு போயிச் சேராது!" கிரேன் வேலையில் என்னை மிஞ்ச அருப்புக்கோட்டை வட்டாரத்தில் ஆளில்லை. வளைகுடாத் துறைமுகத்தில் நான் தூக்காத சரக்கில்லை. அப்படிப்பட்ட நானே அன்று பெல்ட்டும் கையுமாக மரம் போல நின்றேன்.

திருச்சுழி போகிற சாலையில் ஒரு முக்கு. அங்கே இரும்புக் கூண்டுக்குள் ஒரு சாதித் தலைவரின் சிமெண்டுச் சிலை, அனுமதியில்லாமல் வைத்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் அதைத் தாண்டும்போது வண்டியை விட்டு இறங்க வேண்டும் என்று சில இளவட்டங்கள் மறிக்கப்போய், இரண்டு தடவை அரிவாள் வெட்டு வரை போய்விட்டது. எடுத்துவிடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. தாசில்தார் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சன்னமான குரல். சமாதானக் கூட்டம் மேல் கூட்டம் போட்டு, சிலையை வைத்த சாதிக்காரர்களுடைய கல்யாண மண்டபத்துக்கே அதை மாற்றிக்கொள்ளச் சம்மதம் வாங்கியிருந்தார்.

"கழுத்துல போடாமத் தூக்க முடியாதா பாய்?" என்று கேட்டார்.

"கைக்கு அடியில போட்டா நீட்டுன கை முறிஞ்சிரும்மா. இடுப்புல மட்டும் போட்டா தலைகுப்புறக் கவுந்துரும்."

சிலையில் ஒரு கீறல் விழுந்தாலும் ஊர் பற்றி எரியும் என்பது இருவருக்கும் தெரியும். அவர் நேராகக் கூட்டத்தின் பெரியவரிடம் போனார். "கயிறு பட்டா அவமானம், சரிங்கய்யா. உங்க தோள்ல கிடக்குற துண்டு பட்டா?"

பெரியவர் சிலையை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தன் துண்டை எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்து ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். பெல்ட்டு வெளியே தெரியாதபடி சுற்றினோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொக்கியை மாட்டினேன். சிலை ஆடாமல் அசையாமல் மேலே போயிற்று. சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்துத் தெருக்காரர்களிடமிருந்து ஒரு விசில்கூட வரவில்லை.

இப்போது அந்த முக்கில் பேருந்துகள் தாராளமாகத் திரும்புகின்றன. எங்காவது சிலையை எடுக்கிற செய்தி வந்தால் எத்தனை போலீஸ் குவித்தார்கள் என்றுதான் பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாதவர்கள் எத்தனை பேர் வந்து என்ன செய்வது?

அன்று சிலையை ஏற்றிய லாரி கிளம்பியதும் பெரியவர் அந்த அம்மாவிடம் வந்தார். எங்கள் பக்கத்தில் மனசு இளகிவிட்டால் அடுத்துக் கேட்பது இதைத்தான்: "அம்மாவுக்குப் பூர்வீகம் எந்த ஊரு?"

"இதே ஊருதாங்கய்யா." பக்கத்துத் தெருவைக் கை காட்டினார். "நான் கைக்குழந்தையா இருக்கும்போதே பிழைக்கப் போயிட்டோம். எங்கப்பா உங்க முன்னாடி துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் நிப்பாரு. பாத்திருப்பீக."

குரலில் கோபமே இல்லை. இது முன்பே தெரிந்திருந்தால் அவர்களில் ஒருவர்கூடச் சமாதானக் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார்கள். பெரியவருடைய கை தானாகத் தோளுக்குப் போயிற்று. துண்டு அங்கே இல்லை.