ஒரு வெண்டிக்காயின் விளைச்சல் அறிக்கை

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்தும் தோட்டத்தை இன்று காலை பார்வையிடச் சென்றேன். ஆறு மாதத்துள் விளைச்சல் இல்லையெனில் பல்கலைக்கழகம் காணியைத் திரும்பப் பெறவேண்டும் என்பது விதி. இன்று கடைசி நாள்.

முதல் இரண்டு பாத்திகளும் கருகிக் கிடந்தன.

“உப்புத்தண்ணி வாவிப் பாசியைக் கழுவாமப் பசளையாப் போட்டுட்டம், சேர். உப்பு எரிச்சுப்போட்டுது,” என்றார் தோட்டப் பொறுப்பாளரான மாணவி.

“கறிக்குத்தான் இவள் உப்பைக் கூட்டுவாளெண்டு நினைச்சம், சேர்!” என்றார் அருகில் நின்ற தோழி.

“நீ சும்மா இருகா!” என்று பொறுப்பாளர் தோழியை அதட்டினார்.

மூன்றாம் பாத்திக்குப் பாசியை மழையில் ஊறவிட்டு, உப்பு நீங்கிய பின்னரே இட்டிருக்கிறார்கள். அங்கே வெண்டிச் செடிகள் இடுப்பளவு நின்றன. நிறையப் பூக்கள், காய் மட்டும் தென்படவில்லை. ‘விளைச்சல் இல்லை’ என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

“சேர், கொஞ்சம் பொறுங்க!”

பொறுப்பாளர் குனிந்து இலைகளை விலக்கிக் காட்டினார். விரல் நீளத்தில் ஒரு வெண்டிக்காய்.

“ஒண்டு போதுமா, சேர்?”

விதியை மீண்டும் வாசித்தேன். எத்தனை காய் என்று அதில் குறிப்பிடப்படவில்லை. ‘விளைச்சல் உண்டு, மேலும் ஆறு மாதம் வழங்கலாம்’ என்றெழுதிக் கையொப்பமிட்டேன்.

ஆட்சேபமுள்ளோர் கீழே எழுதலாம். விதியை வரைந்தவன் நானே. அந்தக் குறையைத் திருத்தும் அவசரம் எனக்கில்லை.