ஜீப்பை விட்டு இறங்கிய தணிகாசலம்

நகரிக்காரரான தணிகாசலம் சித்தூரில் ஒரு தெலுங்கு அதிகாரிக்கு ஜீப் ஓட்டினார். ஆந்திரத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் எல்லை பிரிக்கும் பேச்சு நடந்த காலம் அது. புத்தூரில் நடக்கும் எல்லை விசாரணையில் ஆந்திரத்தின் தரப்பைச் சொல்ல அதிகாரி போகிறார் என்றதும், வண்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று இன்ஜினையும் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கிளம்பியதிலிருந்தே வண்டி திக்கித் திணறியது, வழியில் கார்வேட்டிநகரத்தில் நின்றேவிட்டது.

"நீ தமிழாளு. நான் விசாரணைக்குப் போகக்கூடாதுன்னு வேணும்னே பண்ணியிருக்கே," என்றார் அதிகாரி.

தணிகாசலம் இன்ஜினின் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஈரம். துண்டால் துடைத்து மாட்டியதும் இன்ஜின் சீராக ஓடியது.

"சரி, ஏறு," என்றார் அதிகாரி.

"தண்ணி ஊத்துனது என் தப்பு சார், ஒத்துக்கறேன். ஆனா வேணும்னே பண்ணேன்னு சொன்னீங்களே, அத வாபஸ் வாங்குங்க. அப்பதான் ஏறுவேன்."

"வேலை போயிடும், தெரியுமா?"

"போவட்டும் சார். நீங்களே ஓட்டிக்கினு போங்க."

ஓடிக்கொண்டிருந்த ஜீப்பை அப்படியே விட்டுவிட்டு பஸ் பிடிக்க நடந்தார். வேலை போனது, பிறகு லாரி ஓட்டிப் பிழைத்தார். எல்லை முடிவானபோது நகரி ஆந்திரத்திலேயே நின்றது. சென்னைப் பக்கம் வந்துவிடச் சொன்ன உறவினர்களிடம், "இது என் ஊரு. நான் ஏன் போவணும்?" என்று கேட்டார்.